சோம்ராவின் கால் என்ன ஆயிற்று?

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு மாயவரத்திலிருந்து என் நாத்தனார் குடும்பத்தோடு வந்து இறங்கினாள். ஆறு பேர். கடிதம் போட்டாளாம்... எனக்கு வரவில்லை.

வந்தவர்களை உட்காரவைத்து காபி கொடுத்துவிட்டு அரிசி டின்னைத் திறந்து பார்த்தேன். மூன்று பேருக்கு வேண்டுமானால் காணும். ஒன்பது பேருக்கு?

ரேஷனில் அடுத்த வாரம்தான் போடுவார்கள். வெளியில் வாங்கலாம் என்றால், கடைக்காரர் 'இல்லை' என்பதை நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார். உங்கள் ஊரிலும் இதே கதைதானே? நெய்வேலியில் பூமிக்குள்ளிருந்து கரியைத் தோண்டி எடுத்து ஊருக்கெல்லாம் விளக்கு எரிய வைக்கிறோம். அடுப்பில் வைக்க ஒரு படி அரிசிக்கு அலைகிறோம்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பாக்கியம் அக்காவிடம் போனேன். அவர்கள் திருநெல்வேலிப் பக்கம், கிறிஸ்தவர்கள். கணவர் பவர் ஹவுஸில் வேலை. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். மிளகாய் தாளித்தால் இரண்டு வீட்டிலும் தும்முவோம். அவ்வளவு நெருக்கம்.

"அக்கா, ஒரு படி அரிசி இருந்தா குடுங்களேன். ரேஷன் போட்டதும் தந்துடறேன்."

அவர் அரிசிப் பானையில் கையை விட்டார். படி பானையின் அடியில் உரசும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஒழக்குதான் இருக்கு கமலா."

நான் அவரைப் பார்க்கவில்லை. பானைக்கு மேலே அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பிஸ்கட் டின். மூடி சரியாக உட்காராத அளவுக்கு உள்ளே அரிசி. வெள்ளை வெளேரென்று.

"அக்கா... அதோ மேல இருக்கே."

"அது இருக்கட்டும். அது வேற அரிசி."

வேற அரிசியா? பச்சரிசி தெரியும், புழுங்கலரிசி தெரியும். இது என்ன அரிசி? நான் வாய் திறப்பதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கடைசி வீட்டு ஹமீது பாய் சம்சாரத்திடமிருந்து ஒரு படி அரிசியோடு திரும்பி வந்தார்.

"இந்தா. பாய் வீட்டம்மாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ மெதுவாத் தா."

நாத்தனார் குடும்பம் சாப்பிட்டது. நன்றாகத்தான் சாப்பிட்டார்கள். எனக்குத்தான் இறங்கவில்லை. கையெட்டும் தூரத்தில் டின் நிறைய அரிசியை வைத்துக்கொண்டு, எனக்காக இன்னொரு வீட்டில் போய்க் கேட்பானேன்? அதில் இருந்து கொடுத்தால் என்ன? கோபம் பாதி, குறுகுறுப்பு பாதி. மூன்று நாள் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள் கோபம் போய்விட்டது. குறுகுறுப்பு போகவில்லை.

ரேஷன் போட்டதும் அரிசியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போனேன்.

"நீ என் மேல கோவமா இருக்கேன்னு தெரியும்" என்றார் பாக்கியம் அக்கா. "உக்காரு. சொல்லுதேன்."

சொல்லவில்லை. செய்து காட்டினார். ராத்திரிச் சோற்றுக்கு அரிசியை அளந்து முறத்தில் போட்டார். களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அந்த டின்னில் போட்டார். பிறகு மற்ற வேலையைப் பார்த்தார்.

"அவ்வளவுதான். ரெண்டு வேளையும் ஒல வைக்கையில ஒரு கைப்பிடி. எங்க சபைப் பொம்பளையள் எல்லார் வீட்லயும் இப்படி ஒரு டின் உண்டு."

"யாருக்கு இது?"

"கிருபா சிஸ்டருக்கு."

"உங்க தங்கச்சியா?"

"இல்ல. அந்தப் புள்ளைய நான் பார்த்தது கூட இல்ல."

பார்த்ததே இல்லையாம். கிருபா என்பவர் நாகர்கோவில் பக்கத்துப் பெண். நர்ஸ் படிப்பு முடித்தவர். ஊரில் நல்ல வேலை கிடைத்திருக்கும். அதை விட்டுவிட்டு நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரிசா எல்லையில் ஒரு மலைக்குப் போய், அங்கே ஓர் ஓலைக் கொட்டகையில் டிஸ்பென்சரி வைத்திருக்கிறார். மிஷனெரி.

"மிஷனெரின்னா வெள்ளைக்காரங்க இல்லையா அக்கா? தொப்பி வச்சுக்கிட்டு..."

"அந்தக் காலம் போச்சு. இப்ப நம்ம புள்ளைகளே போகுது. அனுப்புறதும் நாமதான்."

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பெண்களும் டின்னைத் தூக்கிக்கொண்டு ஆராதனைக்குப் போவார்கள். அவர்களுக்கு இன்னும் சொந்தக் கோயில் இல்லை. ஒரு பள்ளிக்கூட ஹாலில்தான் கூடுகிறார்கள். அங்கே அரிசியை மொத்தமாகக் கொட்டுவார்கள். பிறகு சிஸ்டருக்குப் பணம் அனுப்ப அதை விற்பார்கள். யாருக்கு? அவர்களுக்கேதான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்க போட்ட அரிசியை நீங்களே காசு குடுத்து வாங்குவீங்களா?"

"ஆமா."

"அப்ப நேரா காசாவே குடுத்துடலாமே? எதுக்கு இவ்வளவு சுத்து?"

பாக்கியம் அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "காசுன்னா மாசத்துக்கு ஒரு நாள்தான் அந்தப் புள்ளைய நினைப்போம். அரிசின்னா ரெண்டு வேளையும் நினைக்கணும்லா."

நான் சிரிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

*

புதன்கிழமை மத்தியானம் மூன்று மணி. வாரா வாரம் பாக்கியம் அக்கா வீட்டில் பெண்கள் ஐந்தாறு பேர் ஜெபத்துக்குக் கூடுவார்கள். ஒரு வருஷமாகவே நடக்கிறது. எனக்கு அது தாலாட்டு மாதிரி. அந்த முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்துவிடுவேன்.

டின் விஷயம் தெரிந்த பிறகு தூக்கம் போய்விட்டது. ஒப்புக்கொள்கிறேன் – ஒட்டுக்கேட்டேன். இல்லை... ஒட்டுக்கேட்டேன் என்று கூடச் சொல்ல முடியாது. அந்தச் சுவரின் லட்சணம் அப்படி.

கிருபா சிஸ்டர் எப்போதாவது ஒரு கடிதம் போடுவார். பாக்கியம் அக்கா அதை உரக்க வாசிப்பார். அதில் இருக்கிற கஷ்டங்களை ஆளுக்கொன்றாகப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். மழைக்கு முன்னால் கூரை வேய வேண்டும் – அது ஒருத்தருக்கு. சைக்கிள் டயர் கிழிந்துவிட்டது – அது இன்னொருத்தருக்கு. சிஸ்டருக்கே மலேரியா – அது பாக்கியம் அக்காவுக்கு. அடுத்த கடிதம் வரும்வரை அவரவர் பங்கை அவரவர் விடாமல் ஜெபத்தில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தப் பட்டியலில்தான் சோம்ரா வந்தார்.

சோம்ரா ஒரு மலைவாசி. விறகு வெட்டும்போது கோடாலி நழுவிக் காலில் விழுந்துவிட்டது. புண் சீழ் வைத்துவிட்டது. டிஸ்பென்சரிக்கு வர மாட்டேன் என்கிறார். சிஸ்டர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மலையேறிப் போய்க் கட்டு மாற்றுகிறார்.

சோம்ராவின் கால் யார் பங்குக்குப் போயிற்று தெரியுமா? ராக்கேலம்மா பங்குக்கு.

ராக்கேலம்மாவை நான் முன்பே பார்த்திருக்கிறேன். முத்தாண்டிக்குப்பம் பக்கத்திலிருந்து நடந்தே வருவார். வாய்க்கால் வெட்டும் இடத்தில் மண் சுமக்கும் காண்ட்ராக்ட் வேலை. காலை ஆறு மணிக்குப் போனால் இரண்டு மணிக்கு முடியும். அப்படியே மண் ஒட்டின சேலையோடு ஜெபத்துக்கு வந்துவிடுவார். ஐம்பது வயதிருக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாது. மற்றவர்கள் ஜெபம் செய்தால் பைபிள் தமிழில் இருக்கும். ராக்கேலம்மா ஜெபம் செய்தால் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

"எப்பா, அந்த சோம்ரா காலப் பத்திப் போன வாரமே சொன்னேன். நீ கேட்டுக்கினு இருந்தியா இல்லியான்னு தெரியல. அந்த மனுசன் வெறவு வெட்டித்தான் கஞ்சி குடிக்கணும். காலு போச்சுன்னா அவன் வூட்டுல யாரு வெட்டுவா? நீயா வந்து வெட்டுவே?"

சுவருக்கு இந்தப் பக்கம் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் சிஸ்டர் எழுதியிருந்தார்: புண் கொஞ்சம் காய்ந்திருக்கிறது. அதற்கடுத்த கடிதத்தில்: மறுபடி சீழ். கால்விரல்கள் கறுத்துவிட்டன. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் வர மாட்டேன் என்கிறார்...

அதோடு கடிதம் நின்றுவிட்டது.

ஒரு புதன், இரண்டு புதன், ஐந்து புதன். கடிதம் வரவில்லை. ராக்கேலம்மா மட்டும் விடாமல் அந்தக் காலைக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாரப் பத்திரிகைத் தொடர்கதையை நட்டநடுவில் நிறுத்திவிட்டால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? என் வீட்டுக்காரர் மைன்ஸிலிருந்து பி ஷிப்ட் முடிந்து வந்தபோது, "சோம்ரா கதி என்ன ஆச்சோ" என்று சொல்லிவிட்டேன்.

"எந்த ஷிப்ட் அவன்?" என்று கேட்டார்.

மறுநாள் கொல்லைப்பக்கம் துணி உலர்த்தும்போது பாக்கியம் அக்காவைக் கேட்டேவிட்டேன்.

"அந்த ஆள் உயிரோட இருக்காரா, இல்லையா?"

அவருக்கு ஆச்சரியமில்லை. அந்தச் சுவரை அவரும் அறிந்தவர்தானே.

"தெரியல கமலா."

"தெரியாமலே எப்படி அக்கா ஜெபம் பண்றீங்க?"

"தெரிஞ்சுட்டா அப்புறம் எதுக்குப் பண்ணணும்?"

நான் துணியை உதறிப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

*

போன மாதம் ஒரு கார்டு வந்தது. சிஸ்டர் விடுப்பில் ஊருக்கு வருகிறார். வழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெய்வேலிக்கு வந்து சபையாரைப் பார்ப்பாராம். சோம்ராவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பாக்கியம் அக்காவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் முகம் சரியில்லை. விசாரித்தேன்.

சபைக் கமிட்டியில் தேவசகாயம் என்று ஒருவர் செயலாளர். பவர் ஹவுஸில் ஃபோர்மேன். நல்ல மனுஷர், எங்கள் பிளாக்கில் யார் வீட்டில் கஷ்டம் என்றாலும் முதலில் வந்து நிற்பவர். அவர்தான் அரிசி டின்னைக் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கலாம் என்று சொல்கிறாராம். வீட்டுக்கு வீடு அரிசி இல்லை. காண்ட்ராக்ட் வேலைக்காரப் பெண்கள் அரை வயிறு சாப்பிட்டுவிட்டுக் கைப்பிடி போடுகிறார்கள். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்கு மனசு வரவில்லை. சிஸ்டர் வரும் அன்றைக்கே பேசி முடிவு செய்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்.

எனக்கு அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. உங்களுக்கு?

"நீயும் வாயேன்" என்றார் பாக்கியம் அக்கா. "அன்னைக்குக் கடலூர்ல இருந்து எங்க ஐயரும் வாராக."

ஐயரா? கிறிஸ்தவர்களுக்கு எதற்கு ஐயர் என்று விழித்தேன். அவர்கள் பக்கத்தில் பாதிரியாரை அப்படித்தான் சொல்வார்களாம். இத்தனை வருஷம் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறேன், இது கூட எனக்குத் தெரியவில்லை.

போனேன். என் வீட்டுக்காரர், "அங்கே போய் எதுவும் கேட்டு வைக்காதே" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

பள்ளிக்கூட ஹாலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் கடைசி வரிசையில். முன்னால் வரிசையாக டின்கள் – பிஸ்கட் டின், பால்பவுடர் டின், ஒரு மண்கலயம். ராக்கேலம்மா கொண்டுவந்தது ஒரு சின்னத் துணிப்பை. அதில் அரிசி பாதி, கேழ்வரகு பாதி. அரிசி வாங்க முடியாத நாளில் கேழ்வரகில் ஒரு பிடி போட்டிருக்கிறார். அந்தப் பையை மாதாமாதம் பாக்கியம் அக்காதான் விலைக்கு வாங்குவார் என்று பிறகு தெரிந்தது. அவர்கள் வீட்டில் அடிக்கடி கேழ்வரகு அடை வாசனை வருவதன் காரணமும் தெரிந்தது.

சிஸ்டர் எழுந்தார். நான் ஓர் உயரமான, கம்பீரமான பெண்ணை எதிர்பார்த்திருந்தேன். எழுந்து நின்றவரோ ஒல்லியாக, கறுத்து, கண்ணெல்லாம் மஞ்சளோடிப்போய்... ரப்பர் செருப்பு. நீலக்கரைச் சேலை. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. நான்கு வருஷம் வேறு பாஷை பேசிப் பேசித் தமிழ் வார்த்தைக்குத் தடவினார். குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை. கொட்டகை, மழை, மலேரியா, பிரசவங்கள் என்று பத்து நிமிஷம் பேசிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

தேவசகாயம் எழுந்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்க வேண்டாம். நாலு வருஷத்துல அங்க எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்திருக்காங்க?"

சிஸ்டர் அவரை நேராகப் பார்த்தார்.

"யாரும் இல்லைங்க."

"லெட்டர்ல நான் அத எழுதல. எழுதக் கூச்சமா இருந்துச்சு. நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்" என்றார் சிஸ்டர். "இன்னொண்ணும் சொல்லணும். இங்க அரிசிக்கு எவ்வளவு கஷ்டம்னு பேப்பர்ல பார்த்தேன். வழியில ரயில்லயும் அதே பேச்சு. நீங்க பசியோட இருந்து எனக்கு அனுப்ப வேண்டாம். அடுத்த மாசத்துல இருந்து நிறுத்திடுங்க. நானும்... அங்க திரும்பிப் போகணுமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

தேவசகாயம் உட்கார்ந்துவிட்டார். அவர் சொல்ல வந்ததை அவரே சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. ஆனால் அதில் அவருக்குச் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"அத நீ சொல்லக்கூடாது."

ராக்கேலம்மா எழுந்து நின்றிருந்தார். சபையில் அவர் எழுந்து பேசி யாரும் பார்த்ததில்லையாம்.

"நிறுத்துன்னு சொல்றதுக்கு நீ யாரும்மா? நான் ஒனக்கா போட்டேன்? சாமிக்குப் போட்டேன். அது ஒங்கிட்ட வந்து சேருது, அவ்ளோதான். எனக்குப் படிப்பு இல்ல. கடலூரத் தாண்டிப் போனதில்ல. தலையில மண்ணு சொமந்துக்கினு போறேன், வரேன். ஆனா ஒல வைக்கும்போது ஒரு பிடி எடுக்கறேன் பாரு... அப்ப மட்டும் நானும் அந்த மலைக்குப் போயிட்டு வரேன். அதையும் நிறுத்திப்புட்டா எனக்கு என்னா இருக்குது?"

மூச்சு வாங்கியது அவருக்கு. இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

சிஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நீங்க... ராக்கேலம்மாதானே?"

"ஆமா. ஒனக்கு எப்படித் தெரியும்?"

"இடுப்பு வலின்னு போன தீபாவளிக்கு முன்னால எழுதச் சொல்லியிருந்தீங்களே. 'நான் உனக்காகக் கேக்கறேன், நீ எனக்காகக் கேளு'ன்னு. தினமும் கேட்டுக்கிட்டிருக்கேன். இப்ப எப்படி இருக்கு?"

ராக்கேலம்மா, "கொஞ்சம் பரவால்ல" என்று சொல்லிவிட்டு அப்படியே பாயில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஐயர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழ முயன்றார். ஜெபம் செய்து முடித்துவிடுவார் போலிருந்தது. முடித்துவிட்டால்?

என் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியது நினைவிருந்தது. இருந்தும் எழுந்துவிட்டேன்.

"மன்னிக்கணும். நான் இந்தச் சபை இல்லை. பக்கத்து வீடு. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும்... சோம்ராவோட கால் என்ன ஆச்சு?"

ஹாலே திரும்பி என்னைப் பார்த்தது. பாக்கியம் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

சிஸ்டர் முகம் மாறியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதுவரை தேடித் தேடிப் பேசிய தமிழ் அதற்குப் பிறகு தடங்கல் இல்லாமல் வந்தது.

"ரெண்டு விரல எடுக்க வேண்டியதாப் போச்சு. டவுன் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு கட்டிலப் பிடிச்சுக்கிட்டார். ஒரு நாள் அவரே, 'சரி, போலாம்'னார். ஏன்னு எனக்கும் தெரியல. நாலு பேர் கட்டிலோட தூக்கிக்கிட்டு இறங்கினோம். ஒரு மாசம் அங்கேயே கூட இருந்தேன். அதனாலதான் லெட்டர் எழுத முடியல. இப்ப கால் ஆறிடுச்சு. நான் கிளம்பினப்போ என் டிரங்குப் பெட்டியத் தலையில வச்சுக்கிட்டு பஸ் ரோடு வரைக்கும் அவர்தான் தூக்கிட்டு வந்தார். எட்டு மைல்."

பெண்கள் பக்கத்தில் ஒரு நீண்ட பெருமூச்சு. நான் மட்டுமல்ல, எல்லோருமே இந்த அத்தியாயத்துக்குத்தான் காத்திருந்திருக்கிறார்கள். கேட்கத்தான் ஆளில்லை.

"பெட்டியத் தூக்கும்போதே எங்க போறேன்னு கேட்டார். மருந்து வாங்கிக் குடுத்தவங்களப் பார்க்கப் போறேன்னேன். உடனே வீட்டுக்குத் திரும்பி ஓடி ஒரு கோழியப் பிடிச்சுட்டு வந்து, 'இத அவங்ககிட்ட குடு'ன்னார். கோழிய ரயில்ல எப்படிக் கொண்டுவர? ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுல விட்டுட்டு வந்தேன்."

முந்தானைக்குள்ளிருந்து ராக்கேலம்மா தலை நிமிர்ந்தது.

"எனக்கு வந்த கோழிய டேசன் மாஸ்டர்கிட்டயா குடுத்துட்டு வந்தே?"

ஹால் சிரித்து ஓய ஒரு நிமிஷம் ஆயிற்று. தேவசகாயமும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு அவர் கேட்டார்: "அந்தச் சோம்ராவாவது கிறிஸ்தவர் ஆவாரா சிஸ்டர்?"

"தெரியலைங்க. இப்பவும் அவர் மலைச்சாமியத்தான் கும்பிடுறார். நான் பத்திரமாப் போய்ட்டு வரணும்னு அதுகிட்ட வேண்டிக்கிட்டிருக்காராம்."

சிலர் தரையைப் பார்த்தார்கள். ஐயர் மட்டும் மீசைக்குள் சிரித்ததை நான் பார்த்தேன்.

பிறகு தேவசகாயம் எழுந்து நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் நிறுத்தலாம்னு சொல்ல வந்தேன். ராக்கேலம்மா பேசினதுக்கு அப்புறம் அதச் சொல்ல எனக்கு வாய் வரல. கைப்பிடி இத்தனை பெருசா இருக்கணும்னு யாரும் சொல்லலையே. இந்த அரிசிக் கஷ்டம் தீர்ற வரைக்கும் மூணு விரல்ல எடுத்துப் போடுங்க. இல்லாதவங்க வெறும் கைய டின்னுல விட்டு எடுத்தாலும் சரி, அந்த நேரத்துல சிஸ்டர நினைச்சுக்கிட்டாப் போதும். யாரும் பட்டினி கிடந்து போடக்கூடாது. அத நான் பார்த்துக்கறேன்."

மறுநாள் காலையிலேயே ராக்கேலம்மா வீட்டுக்கு அவர் ஒரு மரக்கால் அரிசி கொடுத்தனுப்பினாராம். அதில் ஒரு பிடி எடுத்து ராக்கேலம்மா பைக்குள் போட்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

*

அன்று மாலை பாக்கியம் அக்கா வீட்டில் சிஸ்டரோடு காபி குடித்தேன். மறுநாள் அவர் ஊருக்குக் கிளம்புகிறார். மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"சிஸ்டர், ஒளிக்காம சொல்லுங்க. அந்தக் கால் ஆறினது மருந்தாலயா, ராக்கேலம்மா கேட்டதாலயா?"

அவர் சிரித்தார். "மருந்து வாங்கினது ராக்கேலம்மா அரிசியிலதானே? இதுல எதைத் தனியாப் பிரிக்க?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவராகவே சொன்னார்: "அவர் ஒரு நாள் திடீர்னு 'சரி, போலாம்'னார்னு சொன்னேன் இல்லையா? அது ஒரு புதன்கிழமை. சாயங்காலம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

எனக்கும் அவ்வளவுதான் தெரியும். இதற்கு மேல் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த டவுன்ஷிப்பில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருக்கிறோம். எதிர்வீட்டுக்காரரை 'ஏ ஷிப்ட்காரர்' என்றும், பின்வீட்டுக்காரரை 'சைக்கிள்காரர்' என்றும்தான் எனக்குத் தெரியும். இவர்களோ, எங்கேயோ ஒரு மலையில் இருக்கிற ஒருவரின் கால்விரலைப் பெயர் சொல்லி விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். கொடுப்பது, ஜெபம் என்றெல்லாம் அவர்கள் சொல்வது எனக்கு வேறு மாதிரி புரிகிறது. ஒருவரை விடாமல் விசாரித்துக்கொண்டே இருப்பது. சம்பந்தமில்லாத ஒருவரைச் சம்பந்தப்படுத்திக்கொள்வது. இதற்கு நாம் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றில்லை, இல்லையா?

"திரும்பிப் போவீங்களா?" என்று கேட்டேன்.

"போகாம?" என்றார் சிஸ்டர். "கோழியை என்ன பண்ணினேன்னு அவர் கேப்பார். ராக்கேலம்மாவும் விடமாட்டாங்க."

மறுநாள் பஸ் நிலையத்துக்கு நானும் போனேன். பஸ் கிளம்பும் முன் அவர் கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார்.

"உங்க முழுப் பேர் சொல்லுங்க."

"என் பேர் எதுக்கு சிஸ்டர்? நான் உங்க சபை ஆள் இல்லையே."

"சோம்ராவைக் கேட்டது நீங்கதானே" என்று சொல்லிக்கொண்டே பென்சிலைத் திருப்பிப் பிடித்தார். சொன்னேன். எழுதிக்கொண்டார். தினமும் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து நோட்டில் இருக்கிற பேரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லுவாராம்.

ஆக, ஒரிசா எல்லையில் ஒரு மலையில் தினமும் என் பேர் சொல்லப்படப்போகிறது – நான் இங்கே போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற நேரத்தில்.